பதிவிறக்கத்தில் இருந்த மாப்பிள்ளை

தென்காசியில் ஒரு பத்திர எழுத்தரிடம் டைப் அடிக்கிறேன். பத்திரத்தில் நிலத்தின் நான்கெல்லையைக் குறிக்கும் இடத்தில் ஓர் எழுத்து பிசகினாலும் என் கண்ணுக்குத் தப்பாது. அப்பேர்ப்பட்ட நான், என் சொந்த மடிக்கணினியில் வந்த நாலு வரியைப் படிக்காமல் விட்டேன். இதை யாரிடம் சொல்லி அழ?

கணவர் போய் ஒன்பது வருஷம். பிள்ளைகள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒரு வார்த்தைகூடப் பேசாமல் கழிந்ததை, திங்கட்கிழமை பஸ்ஸில் டிக்கெட் கேட்கும்போது தொண்டை கரகரத்துத்தான் தெரிந்துகொள்வேன். நாற்பத்தாறு வயதில், யாருக்கும் சொல்லாமல், மறுமணத்துக்கான தளம் ஒன்றில் பதிந்தேன்.

குற்றால சீசனுக்கு மதுரையிலிருந்து அண்ணன் குடும்பம் வந்து என் வீட்டில் ஒரு வாரம் தங்கும். வந்துவிட்டால் என் மடிக்கணினி பொதுச்சொத்து. போன வருஷம் மதினி எதையோ தேட ஓர் எழுத்தைத் தட்டியதும், ‘தூக்கம் வராவிட்டால்’ என்று நான் எப்போதோ தேடியது முந்திக்கொண்டு வந்து நின்றது. அந்தப் பயத்தில்தான் இந்த முறை எல்லாவற்றையும், தேடியது எதுவும் பதிவாகாத மறைநிலையில் பார்த்தேன்.

நீங்கள் மறைநிலையில் இருக்கிறீர்கள் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. எனக்கு அது போதுமாக இருந்தது. இறக்கிய கோப்புகள் கணினியிலேயே இருக்கும் என்பதைக் கீழே பொடி எழுத்தில் வைத்திருந்தார்கள். ஒரு பத்திரத்தில் வில்லங்கத்தை இப்படிப் பொடி எழுத்தில் போட்டால் நான் சண்டைக்கே போவேன்.

ஐந்தருவியில் குளித்துவிட்டு வந்த மதினி, போனில் இருந்த படங்களைக் கணினிக்கு மாற்ற உட்கார்ந்தாள். நான் அடுப்படியில் வடை போட்டுக்கொண்டிருந்தேன்.

“ஏட்டி, இங்கன வா. இது யாருக்கு மாப்ள பாக்குத?”

திரையில் அவர். மனைவியை இழந்தவர், ஐம்பத்திரண்டு வயது, வெள்ளைச் சட்டை. நான் ஆசையாக இறக்கி வைத்த ஜாதகமும் படமும்.

“ஆபீஸ்ல ஒரு அக்காவுக்கு மதினி. வீட்டுக்காரரு தவறிட்டாரு.”

“நல்ல ஆளாத் தெரியுதாரு. அவளச் சீக்கிரம் சம்மதிக்கச் சொல்லுட்டி. ஒத்தையில கெடந்து எப்படிக் காலம் தள்ளுவா, பாவம்.”

என் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னாள். இந்த ஒன்பது வருஷத்தில் எனக்காக அப்படி ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வந்ததில்லை. எனக்கு அழுகை முட்டியது. அந்த அக்கா நான்தான் மதினி என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் அருவிப் படங்களுக்குப் போய்விட்டாள்.

“சரி மதினி, அவகிட்ட சொல்லுதேன்” என்றேன்.