சோத்தாங்கைப் பக்கம் கிறுகுங்க

நான் விமான நிலையத்தில் வேலை செய்கிறேன் என்பது மருதமுனையில் எல்லோருக்கும் தெரியும். என்ன வேலை என்பதுதான் யாருக்கும் சரியாகத் தெரியாது. விடுமுறையில் ஊருக்கு வந்தால், கட்டாருக்குப் போகிற மகனுக்கு மலிவாக டிக்கட் எடுக்க ஏலுமா என்று யாராவது கேட்பார்கள். அடுத்த வீட்டு ராத்தா பல வருடமாக நான் விமானத்துக்குள் தேநீர் கொடுப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தார். உம்மா அதைத் திருத்துவதில்லை. "அவ கம்பியூட்டருக்கு முன்னால இரிக்கா" என்று சொல்லிவிட்டு வேறு கதைக்குப் போய்விடுவார்.

உம்மா சொல்வதும் பிழையில்லை. நான் வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர். இருட்டாக்கிய ஓர் அறையில், ராடார் திரைக்கு முன்னால் இருந்து, வானத்தில் வருகிற விமானங்களுக்கு எந்தத் திசையில், எந்த உயரத்தில் வரவேண்டும் என்று வானொலியில் சொல்வேன். விமானி அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். அவர் சரியாகக் கேட்டாரா என்பது அதில்தான் தெரியும். ஆங்கிலத்தில், குறிப்பிட்ட சொற்களில், சுருக்கமாக. சலாம் சொல்லவோ சுகம் கேட்கவோ அதில் இடமில்லை. பல வருடமாகக் குரல் பழகிய விமானிகள் பலரை நான் நேரில் கண்டதே இல்லை.

அன்று பகல் இரண்டாம் ஷிப்டில் இருந்தேன். மழைக்காலம் தொடங்கும் நாட்கள். நிலையத்துக்குக் கிழக்கே மேகம் கட்டிக்கொண்டு வந்தது. கிழக்குக் கரையிலிருந்து சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஒரு சின்ன விமானம் வந்துகொண்டிருந்தது. அதன் கெப்டன் குரல் எனக்குத் தெரியும். வயதான சிங்களவர், ஆறுதலாகக் கதைக்கிற மனிதர். என்னோடு முதலில் தொடர்பு கொண்டது அவர்தான். கொஞ்ச நேரம் கழித்து அதே விமானத்திலிருந்து வேறொரு குரல் வந்தது.

"மேடே, மேடே, மேடே."

துணை விமானி. கெப்டன் நினைவில்லாமல் முன்னுக்குச் சாய்ந்துவிட்டார், விமானத்தைத் தான் ஓட்டுகிறேன், உடனே தரையிறங்க வேண்டும், அம்புலன்ஸ் வேண்டும். இவ்வளவையும் செய்தி வாசிப்பவர் போலத் தெளிவாகச் சொன்னார்.

இப்படியொரு ஆபத்து அழைப்பு வந்தால் என்ன செய்யவேண்டும் என்று எங்களுக்குத் திரும்பத் திரும்பப் பழக்கியிருக்கிறார்கள். கேட்டதை ஒப்புக்கொள். எத்தனை பேர் இருக்கிறார்கள், எரிபொருள் எவ்வளவு நேரத்துக்குக் காணும் என்று கேள். அதற்கு மேல் கேள்வி கேட்டு அந்த மனிதரைத் தொந்தரவு செய்யாதே. அவருக்கு விமானம் ஓட்டுகிற வேலை இருக்கிறது. வாய் அதையெல்லாம் தானாகச் சொன்னது. எங்கள் மேற்பார்வையாளர் வந்து எனக்குப் பின்னால் நின்றார். பக்கத்து மேசையிலிருந்தவர் மற்ற விமானங்களை எல்லாம் தன் அலைவரிசைக்கு எடுத்துக்கொண்டார். எனக்கு ஒரே ஒரு விமானம்தான் மிஞ்சியது.

நேராக வந்தால் அந்த மேகத்துக்குள் போய்விடுவார். வலது பக்கம் திருப்பி, மேகத்தைச் சுற்றிக் கொண்டுவர வேண்டும். திசையைச் சொன்னேன். குரல் தடுமாறாமல் அப்படியே திருப்பிச் சொன்னார். நான் திரையைப் பார்த்தேன். விமானம் இடது பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது.

மறுபடி சொன்னேன். மறுபடியும் சரியாகத் திருப்பிச் சொன்னார். விமானம் இன்னும் இடப்பக்கமே போனது.

எனக்குப் பயம் வந்தது அப்போதுதான். குரலைக் கேட்டு அவர் நிதானமாக இருக்கிறார் என்று நினைத்துவிட்டேன். அந்தக் குரல் பழக்கப்பட்டது, என்னுடையதைப் போல. உள்ளே இருந்த மனிதர் வேறு எங்கோ இருந்தார்.

கெப்டன் இப்போது கட்டுப்பாட்டுக் கருவிகளில் படாமல் இருக்கிறாரா என்று கேட்டேன். வெறும் இரைச்சல் மட்டும் வந்தது. பிறகு,

"ஓம்… ஓம்" என்றார். உடனே திருத்திக்கொண்டு ஆங்கிலத்தில் ஆம் என்பதற்கு உரிய சொல்லைச் சொன்னார்.

அந்த ஓம் எனக்கு நன்றாகத் தெரிந்த ஓம். யாழ்ப்பாணத்தார் சொல்வது போலில்லை. கல்முனைச் சந்தையில் மீன் வாங்கும்போது காதில் விழுகிற ஓம். நான் திரும்பி மேற்பார்வையாளரைப் பார்த்தேன். அவருக்குத் தமிழ் தெரியாது, ஆனால் தமிழில் கதைக்கவா என்று நான் கேட்பது விளங்கியது. சரி என்று தலையை ஆட்டினார்.

"நான் மருதமுனை. நீங்க தமிழ்லயே கதைங்க" என்றேன். "அவசரமில்ல. வானம் முழுக்க உங்களுக்குத்தான். வேற ஒருத்தரும் இல்ல. இப்ப வலப்பக்கம் கிறுகுங்க. சோத்தாங்கைப் பக்கம்."

ஒரு பெருமூச்சுக் கேட்டது. "சோத்தாங்கைப் பக்கம் கிறுகத்தான் பாக்கிறன், மிஸ். கிறுகுதில்ல. இழுக்குது."

எனக்கு அந்த விமானம் ஓட்டத் தெரியாது. எங்கள் மேற்பார்வையாளர் இளமையில் கொஞ்சக் காலம் பறக்கப் பழகியவர். "இழுக்குது" என்பதை நான் ஆங்கிலத்தில் சொன்னதும், தன் காலைத் தரையில் தட்டிக் காட்டினார். விமானத்தைத் திருப்புகிற பெடல்கள் காலடியில்தான் இருக்கும்.

"கெப்டன்ர கால் எங்க கிடக்கு எண்டு பாருங்க" என்றேன்.

பதில் வர நேரமெடுத்தது. அந்த நேரத்தில் நான் ஒன்றும் கதைக்கவில்லை. கதைக்க வேண்டும் போலத்தான் இருந்தது. ஆனால் அவர் குனிந்து பார்க்கிறார், பின்னால் இருக்கும் யாரையோ கூப்பிடுகிறார் என்று மனம் சொன்னது. திரையில் அந்தச் சின்னப் புள்ளி இடது பக்கத்தை விட்டு மெல்ல நிமிர்ந்தது. பிறகு வலப்பக்கம் சாய்ந்தது.

"கால் பெடலுக்கு மேல விறைச்சுப் போய்க் கிடந்திச்சு. எடுத்தாச்சு. இப்ப கிறுகுது."

"நல்லம். அப்பிடியே வாங்க."

அதற்குப் பிறகு ஒரு நேரத்தில் ஒரு விடயம்தான் சொன்னேன். திசையைச் சொல்லி, அவர் அதைச் செய்து முடித்த பிறகுதான் உயரம். உயரம் இறங்கிய பிறகுதான் ஓடுபாதை. எண்களை ஆங்கிலத்திலேயே வைத்துக்கொண்டோம். மற்றதெல்லாம் தமிழ். மேகத்தின் ஓரத்தில் கொஞ்சம் குலுக்கும் என்று முன்கூட்டியே சொல்லி வைத்தேன். குலுக்கியபோது, "ஓம், சொன்ன மாதிரித்தான்" என்றார். ஓடுபாதை கண்ணுக்குத் தெரிகிறது என்று அவர் சொன்னதும், கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருப்பவரிடம் அவரை ஒப்படைக்க வேண்டும். ஆனால் மேற்பார்வையாளர் வேண்டாம் என்று கை காட்டினார். புதுக்குரல் ஒன்று வேண்டாம், முடியும் வரை நீயே வைத்திரு என்று அர்த்தம். தரையிறங்க அனுமதியையும் கோபுரத்திடம் வாங்கி நானே சொன்னேன்.

ராடார் திரையில் விமானம் தரை தொடுவது தெரியாது. புள்ளி மறைந்துவிடும், அவ்வளவுதான். கோபுரத்திலிருந்து தொலைபேசியில், இறங்கிவிட்டது, அம்புலன்ஸ் பக்கத்தில் போய்விட்டது என்றார்கள்.

உடனே வேறொருவர் வந்து என் தோளைத் தொட்டார். அப்படியொரு சம்பவத்துக்குப் பிறகு அதே கதிரையில் இருக்க விடமாட்டார்கள். ஓய்வறைக்குப் போனேன். யாரோ தேநீர் தந்தார்கள். குடிக்காமல் மேசையில் வைத்தேன். மேற்பார்வையாளர் எதிரில் வந்து இருந்தார். பாராட்டவுமில்லை, ஒன்றும் கேட்கவுமில்லை. என் தேநீர் ஆறிப்போனதும் இன்னொன்று ஊற்றித் தந்தார். அந்த மனிதரை எனக்கு அன்றுதான் மிகவும் பிடித்துப்போனது.

பிறகு உம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் குரலைக் கேட்க வேண்டும் போலிருந்தது. அவர் இறக்காமத்தில் ஒரு வயலில் யானை புகுந்து வேலியை முறித்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் உம், உம் என்றேன்.

"என்னகா, குரல் ஒரு மாதிரி இரிக்கு?"

"ஒண்டுமில்ல உம்மா. தடிமன்."

"கொத்தமல்லி அவிச்சுக் குடி."

சில கிழமைக்குப் பின் விசாரணை நடந்தது. குற்றம் பிடிக்கிற விசாரணையல்ல. இப்படி நடந்தால் எப்போதும் நடத்துவது. ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினார்கள். என் குரலை நானே கேட்டேன். யாரோ ஒரு பெண் ஆறுதலாகக் கதைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய பயம் யாருக்கும் கேட்கவில்லை. தமிழ்ப் பகுதியை எழுத்தில் மொழிபெயர்க்கக் கொழும்பில் ஒருவரிடம் கொடுத்திருக்கிறார்கள். அவருக்குக் "கிறுகு" என்ற சொல் தெரியவில்லை. அந்த இடமெல்லாம் கேள்விக்குறி போட்டிருந்தார். விசாரணைக்கு வந்த பெரியவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, விமானத்தை என்ன செய்யச் சொன்னீர்கள் என்று கேட்டார். திரும்பச் சொன்னேன் என்றேன். எங்கள் பக்கத்தில் மாட்டுக்கும் சைக்கிளுக்கும் மனிதருக்கும் அதுதான் சொல் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அன்றைக்குப் பின் அதைப் பற்றி நான் சிரித்தது அதுதான் முதல் தடவை.

அந்தத் துணை விமானி எங்கள் வீட்டுக்கு வந்தது அடுத்த நோன்புப் பெருநாள் விடுமுறையில். பாண்டிருப்புக்காரர். நாங்கள் கல்முனைக்குப் போவதென்றால் பாண்டிருப்பைத் தாண்டித்தான் போகவேண்டும். அவர் வீட்டு வாசலால் நான் எத்தனையோ தரம் போயிருக்கிறேன், தெரியாமல். என் வயதுதான் இருக்கும். மனைவியையும் கூட்டிக்கொண்டு, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து வாசலில் நின்றார். நேரில் அவர் குரல் வானொலியில் கேட்டதைவிட மெல்லியது.

உம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. நான் சொல்லியிருக்கவில்லை. துணை விமானிதான் எல்லாவற்றையும் சொன்னார், உம்மா கொடுத்த வட்டிலப்ப இனிப்பைக் கையில் வைத்துக்கொண்டு, சாப்பிடாமல்.

"பயமா இரிக்கல்லயா மகன்?" என்றார் உம்மா.

"முதல்ல ஒண்டும் செய்யல்ல, அம்மா. விமானம் பறக்குதா எண்டு பாத்தன். பறந்து கொண்டுதான் இருந்திச்சு. பின்னுக்கு இருந்த வெள்ளக்காரர் ஒருத்தரக் கூப்பிட்டு, கெப்டனைத் தோள்ல பிடிச்சு இழுக்கச் சொன்னன். அதுவரைக்கும் சரி. விமானம் ஒரு பக்கம் இழுக்கத் தொடங்கின பிறகுதான் எனக்கு ஒண்டும் ஓடல்ல. வாய் மட்டும் இங்கிலீசுல சரியாச் சொல்லிக்கொண்டு கிடக்கு."

"மறுகா?"

"மறுகா இவங்க மருதமுனை எண்டாங்க." என்னைக் காட்டினார். "அப்பதான் ஞாபகம் வந்திச்சு, கீழ ஆக்கள் இருக்கிறாங்க எண்டு."

உம்மா என் பக்கம் திரும்பினார். "இதெல்லாம் ஏன் எனக்குச் சொல்லல்ல?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். பிறகு விருந்தாளியிடம் கேட்டார். "அந்தக் கெப்டன் மௌத்தாப் போயிட்டாரா?"

"இல்லம்மா, இருக்கார். மூளையில ரத்தம் கட்டினது. ஒரு கை கொஞ்சம் பின்தங்கினதுதான். இனிப் பறக்க விடமாட்டாங்க."

"அல்ஹம்துலில்லாஹ். அவர்ர பொஞ்சாதிக்கு ஆர் சொன்ன?"

நான் அதை ஒரு தரமும் யோசித்ததில்லை. விசாரணையிலும் யாரும் கேட்கவில்லை.

அவர் வட்டிலப்பத்தைக் கீழே வைத்தார். "நான்தான். கம்பனியால சொல்லுறம் எண்டாங்க. வேணாம், அந்த அம்மாவுக்கு என்னைத் தெரியும் எண்டு சொல்லி, ஆஸ்பத்திரி வாசல்ல நிண்டு போன் எடுத்தன். விமானத்த இறக்கினது லேசு. நம்பரை அமத்துறதுக்குக் கை வரல்ல."

"என்னெண்டு சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"உயிரோட இருக்கார் எண்டுதான் முதல்ல சொன்னன். வேற ஒண்டும் சொல்லல்ல. அவங்க அழுது முடியிற வரைக்கும் லைனில நிண்டன். பிறகு எந்த ஆஸ்பத்திரி எண்டு சொன்னன். பிறகு ஆர் கூட்டிக்கொண்டு வருவாங்க எண்டு கேட்டன். ஒவ்வொண்டா."

அவர் மனைவி மெல்ல, "மாதத்துக்கு ஒருக்கா இவர் கெப்டன் வீட்ட போய்ட்டு வருவார். கெப்டனுக்கு அண்டைக்கு நடந்த ஒண்டும் ஞாபகமில்லயாம். போற நேரமெல்லாம் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேப்பாராம்" என்றார்.

"நானும் சொல்லுவன்" என்றார் அவர். "கேட்டுக்கொண்டே இருந்திட்டு, நல்லா இறக்கினாயா எண்டு கேப்பார். ஓடுபாதையில ரெண்டு தரம் துள்ளினது எண்டு சொன்னா, அதுக்கு மட்டும் ஏசுவார்."

உம்மா எழுந்து அறைக்குள் போனார். அலுமாரி திறக்கிற சத்தம் கேட்டது. பெருநாளுக்கு வாப்பாவுக்கென்று வாங்கி வைத்திருந்த இடுப்பில் உடுக்கும் கைத்தறிச் சாறன்களில் புதிது ஒன்றை எடுத்துவந்து, பழைய பேப்பரில் சுற்றி அவர் மனைவியின் கையில் கொடுத்தார்.

"இத அந்தக் கெப்டனுக்குக் குடுங்க. ஒரு கையால உடுக்கிறதுக்கு இது லேசு."

அவர்கள் புறப்படும்போது வாப்பா பள்ளிவாசலிலிருந்து வந்துகொண்டிருந்தார். மோட்டார் சைக்கிளை நிறுத்தி அவருக்கும் வணக்கம் சொல்லிவிட்டு, பாண்டிருப்புப் பக்கம் போனார்கள். பார்சலை அந்தப் பெண் மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். யார் இவர்கள் என்று வாப்பா கேட்டார். உம்மாவே கதையைச் சொல்லத் தொடங்கினார், முதலிலிருந்து. மேகத்தை இன்னும் பெரிதாக்கிச் சொன்னார். நான் திருத்தவில்லை.