கதைச்சுக்கொண்டு வாங்கோ

என் கணவருக்கு எனக்கு முன்னால் நடக்கும் வியாதி உண்டு. கலியாணம் முடித்து டென்மார்க்கில் ரண்டர்ஸ் நகருக்கு வந்த முதல் வாரமே அதைக் கண்டுபிடித்துவிட்டேன். கடைத்தெருவில் அவர் பத்தடி முன்னால் போவார். நான் சாமான் பையோடு பின்னால் போவேன். மறந்தும் திரும்பிப் பார்க்கமாட்டார். முதியோர் இல்லத்தில் என்னோடு வேலை செய்யும் டேனிஷ்காரி ஒருத்தி எங்களை வழியில் கண்டுவிட்டு, உங்களுக்குள் ஏதும் பிரச்சினையா என்று மறுநாள் மெதுவாகக் கேட்டாள். எங்கள் ஆட்கள் இப்படித்தான் நடப்பார்கள் என்று சொல்லிச் சமாளித்தேன். ஆனால் எனக்கு அது முப்பது வருடமாக ஆறாத கோபம். நான் வழியில் விழுந்து கிடந்தாலும், வீட்டுக் கதவு பூட்டியிருப்பதைக் கண்ட பிறகுதான் இந்த மனிசன் என்னைத் தேடும் என்று மகளிடம் எத்தனையோ தரம் சொல்லிப் புலம்பியிருக்கிறேன்.

போன வருடம் அவருக்கு மாரடைப்பு வந்தது. பஸ் ஓட்டுகிறவர். நல்ல காலம், அன்று லீவில் வீட்டில் நின்றார். அடைபட்ட இடத்தைச் சரிசெய்து, இனிப் பயமில்லை என்று டொக்டர்மார் அனுப்பிவிட்டார்கள். இவர்தான் சரியாகவில்லை. சோபாவில் ஒட்டிக்கொண்டார். ஏணியில் ஏறமாட்டார், வாசலில் பனி வழிக்கமாட்டார், படி இறங்குவதென்றால் கைப்பிடியை விடமாட்டார். மனிசன் பயந்துபோனார். அதைவிட மோசம், நானும் பயந்துபோயிருந்தேன். அவர் சோபாவில் கண்ணயர்ந்தால், சமையலை அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்தில் போய் மூச்சு வருகிறதா என்று பார்ப்பேன்.

கொம்யூன் என்கிற நகரசபை நடத்தும் உடற்பயிற்சி வகுப்பில் ஒரு தாதி எங்களுக்கு ஒரு விதி சொல்லித் தந்தாள். நடக்கும்போது கதைக்க முடிந்தால் இதயத்துக்குப் பயமில்லை, கதைக்க முடியாமல் மூச்சு வாங்கினால் நின்றுவிட வேண்டும். நல்ல விதிதான். ஆனால் இவர் சும்மா இருக்கும்போதே வாய் திறக்காதவர்.

இந்த மாசியில் நாங்கள் இருக்கும் யூட்லண்ட் பகுதி முழுக்கப் பனி கொட்டியது. டென்மார்க்கில் அப்படிக் கொட்டி, கொட்டியது கரையாமல் கிடப்பது அபூர்வம். மகளும் மருமகனும் நோர்வேக்குப் போய்ப் பனிச்சறுக்குக் கட்டைகளோடு மலையேறுகிற ஆட்கள். அவர்களுடைய சாமான்கள் எல்லாம் எங்கள் நிலவறையில்தான் கிடக்கின்றன. ஒரு சனிக்கிழமை காலை இவர் சோபாவை விட்டு எழும்பி வந்து என் முன்னால் நின்றார்.

"ஹிம்மல்பியருக்குப் போவம். கட்டையிலை ஏறிப் பாப்பம்."

மகளுக்குப் போன் எடுத்தேன். "அம்மா, அது மலையே இல்லை," என்று டேனிஷில் சொல்லிச் சிரித்தாள். அதுவும் உண்மை. வானத்து மலை என்று பெயர், உயரமோ நூற்றைம்பது மீற்றர்கூட வராது. ஆனால் சிரித்தவள் அரை மணித்தியாலத்தில் வந்து நின்றாள். கட்டையின் அடியில் ரோமப் பட்டியை ஒட்டக் காட்டித் தந்தாள். அது முன்னுக்கு வழுக்கும், பின்னுக்கு வழுக்காது. குதிக்கால் கட்டையை விட்டு எழும்பும். ஆக, ஏறும்போது அது சறுக்கலே இல்லை, நீளச் செருப்புப் போட்டுக்கொண்டு மேட்டில் நடப்பதுதான். போகும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, புதுப்பனியில் தடம் போடுகிறவருக்குத்தான் முழுக் களைப்பும், அப்பாவை முன்னுக்கு விடாதே என்றாள்.

மலையடியில் ஏரிக்கரையில் காரை நிறுத்தி, கட்டைகளை மாட்டியதுமே இவர் வழக்கம்போல முன்னால் வெளிக்கிட்டார்.

"நில்லுங்கோ. இண்டைக்கு நான் முன்னுக்கு."

"நீரோ?"

"ஓம். நீங்கள் என்ரை தடத்திலை வாங்கோ."

அவருடைய முகம் சுருங்கியது. ஆனாலும் விலகி வழி விட்டார். காட்டுக்குள் கொஞ்சத் தூரம் போன பிறகுதான் என் புத்தி வேலை செய்தது. முன்னால் போனால் ஆளைப் பார்க்க முடியாது. திரும்புவதென்றால் அந்த நீளக் கட்டைகளைப் பிரிக்க வேண்டும், பின்னாமல் வைக்க வேண்டும், அதற்குள் ஒரு தேநீர் குடித்துவிடலாம்.

"கதைச்சுக்கொண்டு வாங்கோ," என்றேன். "எனக்குச் சத்தம் கேக்கோணும்."

"என்னத்தைக் கதைக்கிறது?"

"என்னத்தையெண்டாலும்."

தன்னுடைய பஸ் நிற்கும் தரிப்பிடங்களை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். கடைசித் தரிப்பிடம் முடிந்ததும், அதே வழியால் திரும்பவும் சொல்லிக்கொண்டு வந்தார். பிறகு பக்கத்து வீட்டுக்காரர் வேலியை வெட்டாத கதை. பிறகு என்னுடைய சாம்பாரில் புளி கூடுகிற கதை. இத்தனை வருடம் எங்கே வைத்திருந்தாரோ தெரியாது. எனக்குக் கோபம் வரவில்லை. புளியைப் பற்றி இன்னும் சொல்லட்டும் என்றிருந்தது. சரிவு கூடியபோது அவருடைய குரல் தாழ்ந்தது.

"ஆஸ்பத்திரியிலை நீர் அந்த டொக்டரோடை சண்டை பிடிச்சனீரெல்லே. ஏன் இன்னும் உள்ளை கொண்டு போகேல்லையெண்டு."

"ஓம். அதுக்கென்ன இப்ப?"

"அதைக் கேட்டாப் பிறகுதான் அண்டைக்கு எனக்குப் பயம் போனது. சாகப்போற ஆளுக்காக ஒருத்தரும் இப்பிடிச் சண்டை பிடிக்கமாட்டினம் எண்டு நினைச்சன்."

 கண் நிறைந்து, முன்னால் மரங்கள் கலங்கித் தெரிந்தன. அந்த டொக்டரிடம் நான் கத்தியது தைரியத்தால் அல்ல, இவர் இல்லாமல் அந்த வீட்டுக்குத் திரும்பிப் போக எனக்குத் தெரியாது என்பதால்தான். வேகமாகக் கட்டையைத் தள்ளினேன். உச்சிக்குக் கிட்ட, அங்கே நிற்கும் பழைய நினைவுக் கோபுரத்தின் செங்கல் மரங்களுக்கிடையில் தெரியத் தொடங்கிய இடத்தில், பின்னால் சத்தம் கேட்கவில்லை.

"கதையுங்கோ," என்றேன். பதில் இல்லை. "இஞ்சேருங்கோ." அதற்கும் இல்லை. திரும்பிப் பார்க்க முயன்று, கட்டை இரண்டும் பின்னி, இடுப்பு வரைக்கும் பனிக்குள் விழுந்தேன்.

அவர் என் காலடியில், முகம் சிவந்து, சுகமாக நின்றார்.

"ஏன் கதைக்கேல்லை?"

"கதைச்சுக்கொண்டுதானே வாறன். உம்மடை மூச்சு இரையிற இரைச்சலிலைதான் கேக்கேல்லை. தாதி சொன்னபடி பாத்தால் நீரெல்லோ நிக்கவேணும்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் ஒரு பிடி பனியை அள்ளி அவருக்கு எறிந்தேன். "சத்தம் வரேல்லையெண்டால் முன்னாலை போறவைக்கு எப்பிடி இருக்கும் தெரியுமோ?"

"எனக்குத் தெரியாதோ? முப்பது வருசமா நான்தானே முன்னாலை போறன்." என் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். "நீர் ஒருநாளும் வாய் மூடினதில்லை. பிறகென்னத்துக்குத் திரும்பிப் பாக்கிறது?"

என் தோளில் இருந்த பனியைத் தட்டிவிட்டு, என்னைத் தாண்டி முன்னால் போனார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். சோபாவில் கிடந்த மனிசன் புதுப்பனியில் தடம் போட்டுக்கொண்டு, கோபுரத்தின் அடிவரைக்கும் நிற்காமல் ஏறினார். கீழே உறைந்த ஏரி வெள்ளையாகக் கிடந்தது. எனக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. ஒரு சொல்லும் வெளியே வரவில்லை.

கோபுரத்தில் கையை வைத்தவர், கொஞ்சம் பொறுத்துக் காது கொடுத்தார். பிறகு கட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்து, தடுமாறித் தடுமாறித் திரும்பி என்னைப் பார்த்தார்.

"என்ன," என்றார், "சத்தத்தைக் காணேல்லை?"