மாதாவுக்குத் தொண்டை கட்டிய வருஷம்

என் அம்மா பாடிக் கேட்டவர்கள் இப்போது அதிகம் பேர் இல்லை. நான் இருக்கிறேன். மூன்றாம் வகுப்போடு நின்றுபோனவள் என்றாலும் காதில் விழுந்தது எதுவும் எனக்கு மறந்ததில்லை. அதனால் நான்தான் எழுத வேண்டும்.

அப்போது நாங்கள் சிவாஜிநகரில், மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். அப்பாவுக்கு மில் வேலை. அம்மாவுக்கு வீடு, கோயில், பாட்டு. இந்த மூன்றையும் அவள் தனித்தனியாக வைத்துக்கொண்டதே இல்லை. மாவு ஆட்டும்போது பாட்டுக் கட்டுவாள், பாட்டுக்கு நடுவிலேயே ஜெபம் வரும், ஜெபத்துக்கு நடுவில் எங்களைத் திட்டவும் செய்வாள். எழுதத் தெரியாது. கட்டிய பாட்டெல்லாம் தலைக்குள்தான் இருந்தது.

பெரிய வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோயில் மைதானத்தில் பாஸ்கு நாடகம் போடுவார்கள், இயேசு பாடுபட்டு மரித்த கதை. அதில் பெண்கள் மேடை ஏறக் கூடாது. ஏறினால் நாடகமே கிடையாது என்று கோயில் பெரியவர்கள் சொல்லியிருந்தார்கள். அப்பா அவர்களைவிடக் கண்டிப்பு. “கோயில்ல பாடு, வீட்ல பாடு. மேடைப் பேச்சு மட்டும் என்கிட்ட எடுக்காதே” என்பார். அதனால் மாதா வேஷம் கட்டுவது கறிக்கடை மாமா. சொந்த மாமா இல்லை. மார்க்கெட்டில் ஆட்டுக்கறி விற்றவர். ஒல்லியான ஆள், மீசையை எடுத்துவிட்டால் பெண் முகம், குரலும் அப்படித்தான்.

சிலுவையடியில் மாதா மகனை மடியில் போட்டுக்கொண்டு புலம்புகிற பாட்டு ஒன்று உண்டு. அந்த வருஷம் அதை அம்மா புதிதாகக் கட்டியிருந்தாள். தவக்காலம் முழுவதும் மாமா எங்கள் வாசற்படியில் உட்கார்ந்து பாடம் பண்ணினார். அம்மா உள்ளே சோறு வடித்துக்கொண்டே திருத்துவாள்.

“பெத்தவ அழறா தம்பி. நீ கடையில கூவுற மாதிரி கூவுறே.”

“கூவியே பொழைக்கிறவன்க்கா. வேற எப்படி வரும்?”

“அப்போ ஆடு அழறத நெனச்சுக்கோ. தினமும் கேக்கறதானே.”

பெரிய வெள்ளி மத்தியானம் மாமா வந்து நின்றார். வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. முந்தின நாள் முழுக்கக் கடையில் கூவிக் கூவித் தொண்டை கட்டிவிட்டது. அம்மா அப்படியே அடுப்படியில் உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பாட்டு வேறு யாருக்கும் தெரியாது. பாட்டு இல்லையென்றால் மாதா சும்மா எழுந்து போக வேண்டியதுதான். சுவரிலிருந்த திருஇருதயப் படத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மாமாவின் காதில் ஏதோ சொன்னாள். மாமா பயந்துபோய், அப்பா படுத்துத் தூங்கிய பக்கம் கையைக் காட்டினார். அம்மா அதைப் பார்க்காத மாதிரி ஊசியும் நூலும் எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

“மாதா அங்கியில தையல் பிரிஞ்சிருக்காம். மேடைக்குப் பின்னால இருப்பேன். நீ அப்பாகூட வா” என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

சாயங்காலம் மைதானம் நிறைந்துவிட்டது. காம்பவுண்டுச் சுவரின் மேல் மார்க்கெட் பாய்மார்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மாமாவுக்குக் குரல் இல்லை என்பது எனக்குத் தெரியும், ஊருக்குத் தெரியாது. சிலுவையிலிருந்து இறக்கினார்கள். நீல முக்காட்டோடு மாமா உட்கார்ந்து, மகனை மடியில் வாங்கி, வாயைத் திறந்தார்.

என் அம்மாவின் குரல் வந்தது.

“பக்கத்துலதானே நின்னேன் மகனே, தண்ணி கேட்ட வாய்க்குக் காடியக் குடுத்தாங்களே...”

அரிசி களையும்போது நான் தினமும் கேட்கிற குரல்தான். ஆனால் எங்கள் வீட்டில் அதற்கு இடம் போதவில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அழுதுகொண்டிருந்த பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். கடலை விற்றவன் கூடையை இறக்கி வைத்தான். சுவர் மேலிருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகத் தொங்கவிட்ட காலை மடக்கிக்கொண்டார்கள். மாமாவுக்கு மூச்சு முட்டி வாய் மூடிய பிறகும் பாட்டு நிற்கவில்லை. மாதாவின் நெஞ்சுக்குள்ளிருந்து வருகிறது என்று சனங்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். மாதாவுக்குத் தொண்டை கட்டிப்போனதால் என் அம்மாவின் குரலை இரவல் வாங்கிக்கொண்டாள் என்றே நினைத்தேன்.

“அம்மா” என்று கத்திவிட்டேன்.

முன்னால் இருந்த பெண் திரும்பினாள். “எங்கடி உங்கம்மா?”

“சும்னிரு” என்று அப்பா என் வாயைப் பொத்தினார். மனசு நிலையில் இல்லாதபோது அவருக்கு மில்லில் பழகின கன்னடம் வந்துவிடும். பிறகு அந்தப் பெண்ணிடம், “தூக்கத்துல உளர்றாம்மா” என்றார்.

நான் கண்ணைக்கூட இமைக்கவில்லை. பெரிய வெள்ளியன்று இப்படிப் பொய் சொல்கிறாரே என்று நிமிர்ந்து பார்த்தேன். அவர் துண்டால் தலையோடு முகத்தை மூடிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்த அம்மாவுக்குப் பேச்சு கரகரத்தது. “மைதானத்துப் புழுதி” என்றாள்.

மறுநாள் காலை அடுப்படியில் சத்தம் கேட்டு எழுந்தேன். அடுப்புப் பக்கமே வராத அப்பா, அம்மியில் மிளகு தட்டிக்கொண்டிருந்தார். பனங்கற்கண்டு போட்டுக் கொதிக்கவைத்து, டம்ளரை அம்மாவிடம் நீட்டினார்.

“எனக்கு ஒண்ணுமில்லீங்களே” என்றாள் அம்மா, பாதிக் குரலில்.

“குடி. அடுத்த வருஷமும் அவனுக்குத் தொண்டை கட்டும்.”

அம்மா டம்ளரை இரண்டு கையாலும் வாங்கினாள். குடிக்காமல் வெகுநேரம் பிடித்துக்கொண்டே இருந்தாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. தொண்டை கட்டியது கறிக்கடை மாமாவுக்கு, கஷாயம் அம்மாவுக்கா? அதுவும் அடுத்த வருஷத்து நோவுக்கு இப்போதே?

ஆனால் அப்பா சொன்னது பலித்தது. அடுத்த வருஷமும் பெரிய வெள்ளியன்று மாமாவுக்குத் தொண்டை கட்டியது. அதற்கடுத்த வருஷமும். நல்ல மனிதருக்கு இப்படியொரு வியாதியா என்று, தவக்காலம் முழுக்க அவருடைய தொண்டைக்காக முட்டிபோட்டு வேண்டிக்கொண்டேன். அந்த ஜெபத்தை மட்டும் ஆண்டவர் கேட்கவேயில்லை.