டர்போ பட்டனுக்கு வைத்த பொட்டு

அண்ணன் மகள் நேற்றும் கத்தினாள். ஒரகடத்தில் வேலை. வீட்டுக்கு வந்ததும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டரில் விமானம் ஓட்ட உட்கார்ந்துவிடுவாள். முகம் தெரியாத யார் யாரோடோ வானத்தில் சண்டை.

"அத்த, எவனோ ஒருத்தன் சீட் பண்றான் அத்த! எவ்ளோ சுட்டாலும் சாவ மாட்றான். இவனுங்கள புடிக்கறதுக்குன்னே தனியா சாஃப்ட்வேர் போட்டுக்கிறாங்க, அப்பவும் பூந்துட்றான்!"

"பூந்துடுவான். பூராம எங்க போவான்" என்றேன். அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கூடத்தில் அவளுடைய அப்பா, என் அண்ணன், தெருவுக்கே கேட்கும்படி டிவியை வைத்துவிட்டு, அப்படியும் காதில் விழாமல், பேசுகிறவர்களின் வாயசைவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

விமான விளையாட்டில் ஏமாற்று நடக்காமல் பார்த்துக்கொள்ளும் வேலையை நானும் ஒரு நாள் பார்த்திருக்கிறேன். தொண்ணூற்றொன்றில். எங்கள் ஊர்ப் பேரைச் சொன்னாலே வெளியூர்க்காரர்கள் "ஐயோ, குண்டு வெடிச்ச அந்த ஊரா" என்று கேட்ட வருஷம் அது. ஸ்ரீபெரும்புதூருக்கு வெளியே ரோட்டோரத்தில் இரும்புத் தகட்டில் பாகங்கள் அடிக்கும் ஒரு கம்பெனி. அங்கே நான் கம்ப்யூட்டர் ரூமில் டைப் அடிப்பேன். அண்ணன் பிரஸ் ஷாப்பில். பிள்ளைப்பாக்கத்திலிருந்து ஒரே சைக்கிளில் போய் வருவோம்.

பிரஸ் ஷாப் சத்தத்தைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. மிஷின் ஒவ்வொரு முறை இறங்கும்போதும் தரை அதிரும். காதில் பஞ்சை அடைத்துக்கொண்டுதான் வேலை பார்ப்பார்கள். அந்த வருஷம்தான் அண்ணனுக்குக் காது மந்தமாக ஆரம்பித்தது. சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து நான் பேசுவதற்கு "இன்னா? இன்னா?" என்பான். டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "அந்த இடத்தை விட்டு வெளியே வந்துடுப்பா. இல்லன்னா மிச்சம் இருக்கறதும் போயிடும்" என்றார். அண்ணன் மேனேஜரிடம் போய் நின்றான். வேற இடம் காலி இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் மேனேஜர் எங்கிருந்தோ ஒரு ஃப்ளாப்பியைக் கொண்டுவந்தார். என் ரூமில் இருந்த இரண்டு கம்ப்யூட்டர்களையும் ஒரு கேபிளால் இணைத்தால், இங்கே ஒருவர், அங்கே ஒருவர் உட்கார்ந்து விமானம் ஓட்டலாம், ஒருவரை ஒருவர் சுடலாம். மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. ஆயுத பூஜைக்கு எல்லார் குடும்பமும் கம்பெனிக்கு வரும், அப்போது போட்டி வைக்கலாம் என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஷிஃப்ட் மாறுகிற நேரம் கேட்டருகே நின்று எல்லாருக்கும் கேட்கும்படி, "கம்ப்யூட்டர் ரூமுக்கு இன்னொரு ஆள் தேவைப்படுது. ஜெயிக்கிறவனை அங்க மாத்திடறேன். கண்ணும் கையும் வேகமா இருந்தா போதும், மத்ததெல்லாம் கத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டார். என்னைப் பார்த்து, "ஏமாத்து வேலை நடக்காம பாத்துக்கறது உன் பொறுப்பும்மா" என்றார்.

உடனே கேன்டீனில் பேச்சு. தங்கச்சி கையில் மிஷின், அண்ணனுக்கு வேலை, கேட்கவா வேண்டும் என்று. எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான். இப்படி ஒரு பேச்சைக் கேட்ட பிறகு விடுவேனா? எல்லாருக்கும் சாப்பாட்டு நேரத்தில் முறை வைத்துப் பழக விட்டேன். அண்ணனுக்கு அவன் முறை தவிர ஒரு நிமிஷம் அதிகம் தரவில்லை. சைக்கிளில் வரும்போது, "அந்த ப்ளேனை எப்டி பாப்பா சட்டுனு திருப்பறது?" என்று கேட்டான். "ரோட்டைப் பாத்து ஓட்டுண்ணா!" என்று அதட்டினேன். அவன் சிரித்துக்கொண்டே மிதித்தான்.

ஏமாற்றுவதற்கு எத்தனை வழி கண்டுபிடித்தார்கள், அடேயப்பா! எதிராளியின் திரையை எட்டிப் பார்த்தார்கள். நடுவில் அட்டையை நிறுத்தினேன். தோற்கிற நேரத்தில் கேபிளைக் காலால் உதைத்தார்கள். கேபிளை மேஜைமேல் கட்டிவைத்தேன். கடைசியாக மிஞ்சியது டர்போ பட்டன்தான். அந்தக் காலத்துப் பெட்டிகளின் முன்பக்கம் அப்படி ஒரு பட்டன் இருக்கும். அமுக்கினால் பெட்டியின் வேகம் குறையும். அமுக்கியவனுக்கு எல்லாம் மெதுவாக நகரும், நிதானமாகக் குறி வைக்கலாம். எதிரில் இருப்பவனுக்கோ அவன் விமானம் விட்டு விட்டுத் தெரியும். இங்கே இருக்கும், சுடுவதற்குள் அங்கே இருக்கும். டேப் ஒட்டிப் பார்த்தேன், நகத்தால் கிழித்துவிட்டு, தானாகப் பிய்ந்துவிட்டது என்று சத்தியம் செய்தார்கள்.

ஆயுத பூஜை அன்று காலையில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. எல்லா மிஷினுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டு வந்தோம். என் இரண்டு பெட்டிகளிலும் அந்தப் பட்டன்மேலேயே கெட்டியாகச் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம் வைத்தேன். போட்டி தொடங்குமுன் எல்லாரையும் கூப்பிட்டு, "இது சாமிக்கு வெச்ச பொட்டு. இதைக் கலைச்சவன் அவுட்டு" என்றேன். எனக்கு ஒரே பெருமை. இதைவிட நல்ல பூட்டு எவன் போடுவான்?

வாசலில் பூசணிக்காய் உடைத்தார்கள். பிரஸ் ஷாப் அன்று ஒரு நாள்தான் ஊமையாக இருந்தது. கம்ப்யூட்டர் ரூமில் கால் வைக்க இடமில்லை. புடவையும் மல்லிகைப் பூவும் பொரிப் பொட்டலமுமாக ஜனம் நெருக்கித் தள்ளியது. அண்ணன் ஒவ்வொருவராக ஜெயித்துக்கொண்டே வந்தான். கடைசி ஆட்டத்தில் அவனுக்கு எதிரில் ஸ்டோர்ஸில் வேலை பார்த்த ஒருவர். திருநெல்வேலிப் பக்கம். சாதுவான ஆள், யாரிடமும் அதிர்ந்து பேசமாட்டார்.

முதலில் அண்ணன் கைதான் ஓங்கியிருந்தது. கூட்டம் முன்னால் சாய்ந்து மேஜையைத் தள்ள, நான் திரும்பி அவர்களைப் பின்னால் போகச்சொல்லிச் சத்தம் போட்டேன். மறுபடி திரும்பிப் பார்க்கிறேன், அண்ணன் திரையில் எதிரி விமானம் குதித்துக் குதித்துப் போகிறது. இவன் சுடச் சுட அது வேறெங்கோ இருக்கிறது. சற்று நேரத்தில் அண்ணனின் விமானம் புகைந்து கீழே விழுந்தது. எல்லாரும் கை தட்டினார்கள்.

நான் ஓடிப்போய் ஸ்டோர்ஸ்காரர் பெட்டியைப் பார்த்தேன். பொட்டு இருந்தது. ஆனால் நான் காலையில் வைத்தது காய்ந்து வெளுத்திருக்க வேண்டும். இது இப்போதுதான் அப்பியதுபோல் ஈரமாக இருந்தது.

"இது நான் வெச்ச பொட்டே இல்ல! காட்டுங்க உங்க கைய!"

அவர் கையை நீட்டினார். விரல் சிவந்திருந்தது. "என்னக்கா இப்படிச் சொல்லுதிய? என் கை மட்டுமா செவந்து கெடக்கு? எல்லார் கையையும் பாருங்க" என்றார்.

பார்த்தேன். மேனேஜர் கை சிவப்பு. கைதட்டியவர்கள் கை சிவப்பு. என் கையும் சிவப்பு. சந்தனக் கிண்ணமும் குங்குமத் தட்டும் பெட்டிக்குப் பக்கத்திலேயே இருந்தன. வைத்ததும் நான்தான். ஆயுத பூஜை அன்று குங்குமத்தால் சீல் வைத்த புத்திசாலி இந்த உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கர்மம்!

"நல்ல நாளும் அதுவுமா எதுக்கும்மா சண்டை? அண்ணன் தோத்துட்டாருன்னு ஆத்திரமா?" என்று மேனேஜர் சிரித்தார். கூட்டமும் சிரித்தது. அண்ணன் எழுந்து வந்து, "வுடு பாப்பா. வூட்டுக்குப் போலாம்" என்று என் தோளைத் தொட்டான்.

மறுவாரமே ஸ்டோர்ஸ்காரர் என் பக்கத்து நாற்காலிக்கு வந்துவிட்டார். வேலையைச் சீக்கிரம் கற்றுக்கொண்டார். எனக்கும் சேர்த்து டீ வாங்கிவருவார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல வேறெந்தக் காரணமும் கிடைக்காமல் நான் வெந்தேன். ஒரு நாள் நேராகவே கேட்டுவிட்டேன். "விடுங்கக்கா, அது வெளையாட்டுதானே" என்றார். சுவருக்கு அந்தப் பக்கம் பிரஸ் இறங்கிக்கொண்டிருந்தது. மேஜையில் டீ கிளாஸ் நடுங்கியது.

அண்ணனை யாரும் இடம் மாற்றவில்லை. நான் கேட்டேன், கெஞ்சினேன், ஒரு முறை மேனேஜரிடம் கத்தியும் பார்த்தேன். காது கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று. பெண் பிறந்து அழுதது அரைகுறையாகக் கேட்டது. அவள் பேசத் தொடங்கியபோது அதுவும் இல்லை. சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து பேசுவதை நான் நிறுத்திவிட்டேன்.

நேற்று அவள் போட்ட கூச்சலில் பழையதெல்லாம் கிளம்பிவிட்டது. அண்ணன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, டிவியை அணைத்து, காதோடு வாயை வைத்துக் கத்தினேன். இத்தனை வருஷமாக நாங்கள் அதைப் பேசியதே இல்லை.

"அன்னிக்கு அவன் பட்டன அமுக்கினான்ணா! உனக்குத் தெரியுமா?"

"தெரியுமே" என்றான் சாதாரணமாக. "அட்டைக்கு அந்தாண்ட அவன் கை தெரிஞ்சிது. பாத்துகினுதான் இருந்தேன்."

"பாத்துகினு இருந்தியா! ஏன் சொல்லல?"

"சொன்னா, அண்ணனும் தங்கச்சியும் சேந்துகினு நாடகம் ஆடறாங்கன்னுவாங்க. உன் வேலைக்கு வேட்டு வெச்சிருப்பாங்க."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "அப்போ நீயும் அமுக்கித் தொலைச்சிருக்கலாம் இல்ல? உன் பக்கமும் பட்டன் இருந்துச்சே!"

அவன் என்னை விசித்திரமாகப் பார்த்தான்.

"நீ பொட்டு வெச்சிருந்தியே பாப்பா. அதுல எப்டி கைய வெக்கறது?"

சொல்லிவிட்டு டிவியைப் போட்டான். நான் அவனிடம் ஏதோ சொன்னேன். அவனுக்குக் கேட்கவில்லை. கத்திச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.