கடைசி ரீலை இரண்டு தரம் போடுவார்கள்

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலையேறிக் காவடி செலுத்துகிறவர்களில் பாதிப் பேர், கீழே இறங்கியதும் நேரே டெண்ட் கொட்டகைக்குத்தான் போவார்கள். முருகனிடம் அழுதது போக மிச்சம் இருந்த கண்ணீரை அங்கே தீர்த்துவிட்டு ஊர் திரும்புவார்கள். யுத்தம் முடிந்த சமயம் அது. ஊர் ஊராகக் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு போய்ப் படம் காட்டுகிற ஒரு முதலாளி, கிருத்திகையின்போது மூன்று நாள் எங்கள் ஊரில் கொட்டகை போடுவார். வருஷா வருஷம் ஒரே படம்தான். ஒரு தடவை ஆசைப்பட்டுப் புதுப் படம் கொண்டுவந்தார். ஜனங்கள் முறுக்குக்காரனின் தட்டைப் பிடுங்கித் திரைமேல் வீசினார்கள். மறுநாளே பழைய படம் ரயிலில் வந்து சேர்ந்தது.

அது ஒரு தலைதீபாவளிப் படம். விடியற்காலையில் மாப்பிள்ளைக்குத் தலை நிறைய எண்ணெய் வைத்து மணையில் உட்கார்த்துகிறார்கள். வெந்நீர் எந்த வீட்டுப் பெண்கள் ஊற்றுவது என்று இரண்டு சம்பந்திகளுக்கும் தகராறு வந்துவிடுகிறது. மாப்பிள்ளை அப்படியே உட்கார்ந்திருக்கிறான். பட்டாசு வெடித்து முடிகிறது, பலகாரம் தீர்ந்துபோகிறது, சாயங்காலம் ஆகிறது. எண்ணெய் மூக்கு நுனியிலிருந்து சொட்டிக்கொண்டே இருக்கிறது. அவன் பெண்டாட்டி கதவோரம் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்குப் படம் முழுக்க வேறு வேலை கிடையாது. கடைசி ரீலில், தரையில் ஓடுகிற எண்ணெயில் இரண்டு சம்பந்திகளும் வழுக்கி, ஒருத்தர் மேல் ஒருத்தர் விழுந்து, கட்டிக்கொண்டு, சிரித்து, அழுது, சமாதானமாகிவிடுகிறார்கள்.

இதைப் பார்க்க எங்கள் ஊர் ஜனம் அடித்துக்கொள்ளும். ஒவ்வொரு வசனமும் மனப்பாடம். திரையில் இருப்பவர் வாயைத் திறப்பதற்குள் பெண்கள் பக்கத்திலிருந்து பதில் போய்விடும். கடைசி ரீலை ஒரு தரம் போட்டால் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். முதல் தரம் கதைக்காக, இரண்டாம் தரம் மனசுக்காக என்று முதலாளியே வழக்கம் வைத்துவிட்டார். வெளியே அடுத்த ஆட்டத்துக்குக் கூட்டம் வெயிலில் நிற்கும். அவர்களும் கோபித்துக்கொள்வதில்லை. அவர்களுக்கும் இரண்டு தரம் போடுவார்கள் அல்லவா?

எண்ணெயில் வழுக்கி விழுந்தால் வீம்பு போய்விடும் என்பதில் எத்தனை ஆறுதல் பாருங்கள். யாரும் மன்னிப்புக் கேட்க வேண்டாம், யாரும் முதல் அடி வைக்க வேண்டாம். கால் தானாக வழுக்கும். எங்கள் வீட்டில் அப்படி நடக்க வழியில்லை. நல்லெண்ணெய் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்த காலம், தரையில் ஊற்ற எங்கே போவது?

என் கதைக்கு வருகிறேன். என்னை வைகாசியில் மணவூரில் கட்டிக்கொடுத்தார்கள். இரண்டே மாசம் குடித்தனம். ஆடி பிறந்தால் புதுப் பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அழைத்துவந்துவிட வேண்டும், புருஷனும் பெண்டாட்டியும் அந்த மாசம் சேர்ந்திருக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். என்னை அழைத்துவந்தார்கள். மாப்பிள்ளையையும் மாமனாரையும் ஆடி விருந்துக்கு அழைத்தார்கள். அவர்கள் ரயிலில் வந்து இறங்கியபோது ஸ்டேஷனில் என்னைப் பெற்ற நைனா இல்லை. கூலியாள் மாட்டுவண்டியோடு நின்றிருந்தான். நைனா அந்நேரம் சர்க்கரைக்கு ரேஷன் கடை வரிசையில் நின்றிருந்தார். அந்தச் சர்க்கரையும் சம்பந்திக்குப் பாயசம் வைக்கத்தான்.

மாமனார் வண்டியைப் பார்த்தார், கூலியாளைப் பார்த்தார். அடுத்த ரயிலிலேயே மகனையும் இழுத்துக்கொண்டு திரும்பிவிட்டார். சம்பந்தி நேரில் வந்து கூப்பிட்டால்தான் பெண்ணை அழைத்துப்போவோம் என்று மணவூரிலிருந்து ஆள் வந்தது. மகளைக் கொண்டுபோய் வாசலில் தள்ளிவிட்டு வருவதற்கு அவள் என்ன குப்பையா என்று நைனா பதில் அனுப்பினார். ஆவணி போயிற்று, தீபாவளி போயிற்று, என் தலைதீபாவளி. அன்றைக்கு என் அம்மா எனக்கு மட்டும் எண்ணெய் வைத்துவிட்டாள். பொங்கலும் போயிற்று. நான் பெண்ணாகவும் இல்லாமல் பெண்டாட்டியாகவும் இல்லாமல் அந்த வீட்டில் நெல் குத்திக்கொண்டிருந்தேன். எனக்குப் பதினெட்டு வயசு. ராத்திரி படுத்தால் அவர் முகம் மறந்துபோகிறதே என்று பயமாக இருக்கும். யாரிடம் சொல்வது?

மறுபடி ஆடி வந்தது. கிருத்திகையின் மூன்றாம் நாள் நைனா எங்களைப் படத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். கூட்டத்துக்காகப் பகல் ஆட்டமும் உண்டு. கூடாரத்தின் மேல் தார்ப்பாயும் கறுப்புத் துணியும் போர்த்தி இருட்டாக்கி வைத்திருப்பார்கள். உள்ளே நுழைந்தால் வேகிற கொழுக்கட்டை நாம்தான். நடுவில் கயிறு கட்டித் துணி தொங்கவிட்டு, ஒரு பக்கம் ஆண்கள், ஒரு பக்கம் பெண்கள். நானும் அம்மாவும் மணலில் உட்கார்ந்தோம். நாலு முழம் தள்ளி, மொட்டையடித்த தலையில் சந்தனம் பூசிக்கொண்டு ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். என் மாமியார்.

அம்மா கழுத்தை அந்தப் பக்கம் திருப்பவேயில்லை. மாமியாரும் அப்படியே. படம் ஆரம்பித்தது.

அம்மாவின் வீம்பு முதல் ரீல் வரை தாங்கியது. கதவோரம் நின்று அந்தப் பெண் கண்ணைத் துடைத்ததும் அம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது. ஐயோ பாவம், கல்யாணமான பெண்ணை இப்படி நிற்கவைத்துவிட்டார்களே, இவர்களுக்கெல்லாம் நெஞ்சில் ஈரமே இல்லையா என்று புலம்பினாள். புலம்பிக்கொண்டே, மூக்கைத் துடைக்க என் முந்தானையை இழுத்துக்கொண்டாள். நாலு முழத்துக்கு அப்பாலிருந்தும் அதே விசும்பல், அதே வார்த்தைகள். மூன்றாவது ரீலில் இருட்டில் ஒரு கை நீண்டு அம்மாவிடம் வறுத்த வேர்க்கடலையைக் கொடுத்தது. அம்மா வாங்கிக்கொண்டாள். ரீல் மாற்ற விளக்குப் போட்டார்கள். மாமியார் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். அம்மா வாயிலிருந்ததை மெல்லாமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள். விளக்கு அணைந்த பிறகுதான் மென்றாள்.

துணிக்கு அந்தப் பக்கம் இரண்டு குரல்கள் எனக்கு நன்றாகக் கேட்டன. திரையில் சம்பந்திகள் முறைத்துக்கொண்டு நிற்கும்போதெல்லாம், எவ்வளவு முட்டாள்கள் பார் என்று நைனா தொடையில் தட்டிச் சிரித்தார். அவருக்கு நாலு ஆள் தள்ளி என் மாமனார் இருமி இருமிச் சிரித்தார். மூன்றாவதாக ஒரு சிரிப்பும் கேட்டது. அடக்கி அடக்கிப் பார்த்து, முடியாமல் மூக்கு வழியாக வெளியே வருகிற சிரிப்பு. இரண்டு மாசம் கூட வாழ்ந்தவளுக்கு அது தெரியாதா? எண்ணெய்த் தலையோடு வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறவனைப் பார்த்து என் புருஷன் சிரித்துக்கொண்டிருந்தார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அந்தச் சிரிப்பை ஒரு வருஷம் கழித்துக் கேட்ட சந்தோஷமும் கூடவே வந்தது. இரண்டும் சேர்ந்தால் உட்கார முடியுமா? கடைசி ரீல் முடிந்து, சம்பந்திகள் வழுக்கி விழுந்து, இருநூறு பேர் மூக்கைச் சிந்தினார்கள். இரண்டாம் தரம் ரீலைச் சுற்ற ஆரம்பித்தபோது நான் எழுந்தேன். அம்மா கவனிக்கவில்லை. மறுபடி அழுவதற்காகக் காலை நீட்டி வசதியாக உட்கார்ந்துகொண்டிருந்தாள்.

வெளியே வந்து, கூடாரத்தைச் சுற்றி ஆண்கள் வாசலுக்குப் போனேன். டிக்கெட் கிழிக்கிறவன் நின்றிருந்தான். உள்ளே என் வீட்டுக்காரர் இருக்கிறார், கொஞ்சம் கூப்பிடவேண்டும் என்றேன்.

"பேரு இன்னாம்மா?" என்றான்.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் எந்தப் பெண்டாட்டியும் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டாள். அரிசிக் கடையில் அதே பெயர் உள்ளவர் இருந்தால் அந்தக் கடைக்கே ஜாடையாகத்தான் வழி கேட்போம். மணவூர்க்காரர் என்று சொல்லலாம். கிருத்திகையன்று உள்ளே பத்து மணவூர்க்காரர்கள் இருப்பார்கள், முதலில் எழுந்து வருகிறவர் என் மாமனாராகத்தான் இருப்பார். சரி, ஒரு வருஷமாக எல்லா வழக்கத்தையும் காப்பாற்றி என்ன கண்டோம் என்று பெயரைச் சொல்லிவிட்டேன். அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன். அப்புறம் பழக்கம் திரும்பிவிட்டது.

அவர் வெளியே வந்தார். கண்ணெல்லாம் ஈரம், உதட்டில் இன்னும் சிரிப்பு. என்னைப் பார்த்ததும் இரண்டும் நின்றுபோயின.

"கிளம்புங்க, வூட்டுக்குப் போலாம்" என்றேன்.

எந்த வீட்டுக்கு என்று கேட்டார். மணவூருக்கு என்றேன். உள்ளே நைனா இருக்கிறாரே என்றார். அவர் நைனாவும் இருக்கிறார், என் நைனாவும் இருக்கிறார், இரண்டு பேரும் சந்தோஷமாக இருக்கிறார்கள், அவர்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்றேன். நான் நடந்தேன். அவர் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுப் பின்னாலேயே வந்தார்.

ஸ்டேஷனில் அரக்கோணம் போகிற கிருத்திகை ஸ்பெஷல் நின்றிருந்தது. காவடிக்காரர்களுக்கு நடுவே ஒரு பெட்டியில் இடம் பிடித்தோம். வண்டி கிளம்ப நேரமிருந்தது. ஒரு வருஷமாக ஏன் வரவில்லை என்று கேட்டேன். அவர் கைவிரலையே பார்த்துக்கொண்டு சொன்னார்:

"மூணு நாளா ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வந்துகினுதான் இருக்கேன். நீ வருவியான்னு. இன்னிக்குத்தான் வந்த."

அவர் மேல் ஆசையாக இருந்தது. இழுத்து ஓர் அறை விடலாம் போலவும் இருந்தது. கொட்டகையிலிருந்து எங்கள் வீடு கூப்பிடு தூரம்.

"எங்க வூட்டு வாசல்ல டிக்கெட் கேக்க மாட்டாங்களே" என்றேன்.



வண்டி ஊதிய சமயத்தில் பிளாட்பாரத்தில் இரண்டு வீட்டாரும் வந்து சேர்ந்தார்கள். இரண்டாம் தரமும் முழுசாகப் பார்த்துவிட்டுத்தான் எங்களைத் தேடி, டிக்கெட் கிழிக்கிறவனிடம் விசாரித்து வந்திருக்கிறார்கள், நால்வர் கண்ணும் கோவைப்பழமாக இருந்தது. நைனா ஜன்னல் ஜன்னலாக எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தார். ஆடி மாசத்தில் புருஷனோடு போகிறாளே, பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா என்று கத்தினார்.

"ஆங், நல்லாக் கேளுங்க சம்பந்தி" என்றார் என் மாமனார்.

ஒரு வருஷத்துக்குப் பிறகு அவர் நைனாவைச் சம்பந்தி என்று கூப்பிட்டது அன்றுதான். தோளோடு தோள் நின்று எங்களைத் திட்டினார்கள். ஒருத்தர் விட்ட இடத்தை இன்னொருத்தர் எடுத்துக்கொண்டார். அம்மாவும் மாமியாரும் பின்னால் நின்று, இந்தக் காலத்துப் பெண்களைப் பற்றி ஒரே குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு வருஷமாக இவர்களைச் சேர்த்துவைக்க ஊர்ப் பெரியவர்கள் நடந்த நடை வீணாகிவிட்டது. சேர்ந்து திட்ட ஓர் ஆள் கிடைத்தால் போதும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

வண்டி அசைந்தது. மாமனார் மகனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, எறங்குடா என்றார். ஒரே ஒரு தரம்தான் சொன்னார். என் பக்கத்திலிருந்தவர் எழுந்துவிட்டார். பெட்டி வாசலுக்கே போய்விட்டார். ஒரு கால் படியில் இருந்தது, ஒரு கை கம்பியில் இருந்தது. திரும்பி என்னைப் பார்த்தார். அழுகை கண் வரைக்கும் வந்தது. கதவோரம் நின்று துடைத்துக்கொள்ள அங்கே எனக்குக் கதவு இல்லை, இருந்த ஒன்றிலும் அவர் நின்றிருந்தார்.

"எறங்கறதுன்னா எறங்குங்க" என்றேன். "நான் மணவூருக்குப் போய் வூட்டத் தெறந்து வெக்கிறேன்."

வண்டி வேகம் எடுத்தது. அவர் காலை உள்ளே எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அரக்கோணத்தில் வண்டி மாற இறங்கும்போது, வீட்டுச் சாவி மாமனார் இடுப்பில் இருக்கிறது என்று மெதுவாகச் சொன்னார். பூட்டை உடைத்துக்கொள்ளலாம் என்றேன்.