கணக்கை மீறி உயிரோடு இருந்தவர்

ஆயுள் இன்சூரன்ஸ் கம்பெனியில் முப்பத்தைந்து வருடம் அவர் பார்த்த வேலை, யார் எப்போது சாவார்கள் என்று சொல்வது. ஜோசியம் இல்லை, டேபிள். வயதுக்கு ஒரு வரி, வரிக்கு ஓர் எண். விண்ணப்பதாரர் சிகரெட் பிடிப்பவர் என்றால் கொஞ்சம் கழிப்பார், சர்க்கரை வியாதி என்றால் இன்னும் கொஞ்சம் கழிப்பார், மிச்சத்தைப் பென்சிலால் ஓரத்தில் குறிப்பார். ஆபீஸில் அவருக்குச் சித்திரகுப்தர் என்று பெயர். கேன்டீனில் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு டீக்கு இன்னொரு கரண்டி சர்க்கரை கேட்கும் துணிச்சல் யாருக்கும் வந்ததில்லை.

தனியார் கம்பெனி, பென்ஷன் கிடையாது. போகிற அன்று மொத்தமாக ஒரு தொகையும் ஒரு சுவர்க்கடிகாரமும் கொடுத்து அனுப்பினார்கள். தொகை, மகளின் கல்யாணச் செலவில் வந்த வழி தெரியாமல் போயிற்று. அறுபத்தைந்து வயதில் கையில் மிஞ்சியது மூன்றாம் மாடி ஃபிளாட் ஒன்றுதான்.

அதை பேங்கில் அடகு வைத்தார். திட்டம் சாதுவானது. வீட்டின் பேரில் பேங்க் மாதாமாதம் பணம் தரும். கணவன் மனைவி இருவரும் கண்ணை மூடிய பிறகு வீட்டை எடுத்துக்கொள்ளும். இருபது வருடத்துக்கு நீட்டினால் மாதத்தொகை சுண்டைக்காய். பன்னிரண்டு வருடம் போதும் என்றால் கௌரவமாகச் சாப்பிடலாம். வேறொருவராக இருந்தால் நாலு பேரிடம் யோசனை கேட்டிருப்பார். இவருக்கு எதற்கு? பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்தார். அப்பா அறுபத்தெட்டில் போனார், பெரியப்பா எழுபதில். தனக்குத் தாராளமாக எழுபத்தைந்து போட்டுக்கொண்டார். மனைவிக்கும் ஓர் எண் போட்டார். அதற்கு மேல், பிரீமியம் கட்டத் தவறியவனுக்குக் கம்பெனி கொடுக்கும் கருணைக் காலம் மாதிரி, இரண்டு வருடம். ஆக, பன்னிரண்டு.

மனைவியிடம் பென்ஷன் என்றார். அவள் அவர் விரல் காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டாள்.

அவர் போட்ட கணக்குகளில் தப்பானது இது ஒன்றுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. மற்றதில் தப்பிருந்தால், வந்து கேட்கவேண்டிய ஆட்கள் உயிரோடு இல்லை.

எழுபத்தேழு முடிந்தது. பணம் நின்றது. சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு பேங்குக்குப் போனார். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த பெண் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தாள்.

"உங்க பீரியட் முடிஞ்சிடுச்சு சார்."

"முடியலையேம்மா. அதானே பிரச்னை."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். "வீட்ல நீங்க இருக்கலாம் சார், கடைசி வரைக்கும். ஆனா ரெண்டு பேர்ல ஒருத்தராவது அங்கயே குடியிருக்கணும். பூட்டிட்டுப் போனீங்கன்னா நாங்க எடுத்துக்குவோம்."

"புதுசா ஏதாவது லோன்?"

"எழுபதுக்கு மேல குடுக்கறதில்ல சார். ரிஸ்க்."

அந்த வார்த்தையை அவரே எத்தனை பேர் காகிதத்தில் எழுதியிருப்பார்.

நான்கு மாதம் ஓட்டினார். கடிகாரத்தை விற்றதில் இரண்டு அட்டை மாத்திரை கிடைத்தது. தன் ரத்தக்கொதிப்பு மாத்திரையைப் பிளேடால் பாதியாக நறுக்கினார். மருந்துக்கடைக்காரர் கண்ணில் படாமலிருக்க எதிர்ப்பக்கமாக நடந்தார். "பென்ஷன் லேட்டு" என்று மனைவியிடம் சொல்லிச் சொல்லி, அவருக்கே அது நம்பும்படியாக ஆகிவிட்டது.

அப்போதுதான் மகள் வந்தாள். பஸ்ஸில் ஐந்து மணி நேரம். பையைக் கீழே வைக்கும் முன்பே ஆரம்பித்தாள்.

"மூணு மாடி ஏறி எறங்கறது இனிமே போதும்பா. இத வித்துடலாம். அந்தக் காசுல எங்க வீட்டுப் பின்பக்கம் உங்க ரெண்டு பேருக்கும் ஒரு ரூம், ஒரு பாத்ரூம் எடுத்துடலாம். மேஸ்திரிகிட்டகூடப் பேசிட்டேன்."

மனைவியின் முகத்தில் வெளிச்சம் வந்தது. அடுக்களை வாசலில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தவள், ஜன்னல் எந்தப் பக்கம் வரும் என்று விசாரித்தாள். இதற்கு மேல் வாயை மூடிக்கொண்டிருந்தால் மேஸ்திரிக்கு அட்வான்ஸே போய்விடும். சொல்லிவிட்டார். செங்கல் செங்கலாக, முழுவதையும்.

மகள் பையைத் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"பன்னெண்டுன்னு எப்படிப்பா முடிவு பண்ணீங்க?"

"எனக்குப் பத்து போட்டேன். மேல ரெண்டு சேர்த்தேன்."

இதோடு அவள் விட்டிருக்கலாம். "அம்மாவுக்கு?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒன்பது."

கத்தி நின்றது.

"எனக்கு ஒன்பதா?" என்றாள் மனைவி.

"அப்ப உனக்கு அடிக்கடி நெஞ்சு வலி வந்துதே..."

"அது வாயுன்னு டாக்டர் சொன்னாரே. பக்கத்துலதானே நின்னீங்க."

"டேபிள்ல வாயுவுக்குத் தனியா கட்டம் கிடையாது."

"அறுபதுல ஒன்பது. எனக்கு இப்ப எழுபத்திரண்டு." விரலை மடக்கினாள். அவளுக்குக் கணக்கு வராது என்று அவர் நாற்பது வருடமாகச் சொல்லி வந்திருந்தார். "அப்ப மூணு வருஷமா நான் ஓசிச் சோறு."

அவள் பீன்ஸை நறுக்க ஆரம்பித்துவிட்டாள், முன்பைவிடப் பொடியாக.

சாப்பாட்டுக்குப் பிறகு மகள் மெதுவாகச் சொன்னாள். "ரூம் கட்ட எங்ககிட்டக் காசு இல்லப்பா. பசங்க ரூம்ல ஒரு கட்டில் போடலாம். ஒண்ணுதான் போட முடியும்."

"நான் வரேன்" என்றாள் மனைவி, தட்டைக் கழுவியபடியே. "அவர் இங்க இருக்கட்டும். யாராவது ஒருத்தர் இருந்தாகணுமாமே."

"அம்மா, கொஞ்சம் யோசிச்சு..."

"யோசிச்சு முடிவு பண்றவர் ஒருத்தர் போதும்டி இந்த வீட்டுக்கு."

மகள் அப்பா பக்கம் திரும்பினாள். "மாசாமாசம் ஏதாவது அனுப்பறேன்பா. எத்தனை வருஷத்துக்குன்னு தெரிஞ்சா எங்க வீட்டுக்காரர்கிட்டச் சொல்றதுக்கு..." சட்டென்று நிறுத்தினாள். காது சிவந்துவிட்டது. பாவம், கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. குடும்பம் நடத்துகிறவள் கேட்கிற கேள்விதான்.

மறுநாள் காலையில் ஆட்டோ வந்தது. மனைவியின் சாமான் ஒரே பெட்டியில் அடங்கியது. அரிசி எங்கே இருக்கிறது, காஸை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். கோபக்குரலே இல்லை. அதுதான் அவருக்குக் கலக்கமாக இருந்தது.

"திரும்பி எப்ப வருவே?"

"உங்க கணக்குல நான் போய் மூணு வருஷமாச்சு. அத்தனை நாள் பழகினவருக்கு இனிமே என்ன கஷ்டம்?" புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். மகள் கையசைத்தாள்.

மாடிக்கு மாடி நின்று மூச்சு வாங்கி மேலே ஏறினார். உள்ளே போனதும் கதவைச் சாத்தப் போனவர், சாத்தவில்லை. சாத்தியே கிடந்தால் ஆள் இல்லை என்று யாராவது பேங்குக்குச் சொல்லிவிடலாம். வழியில் போகிறவர்கள் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி நாற்காலியை வாசலுக்கு நேராக இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.