லேனாவின் வீச்சு

ஜேர்மனியில் யாரும் என்னைத் தொடுவதில்லை. வெள்ளைக் கோலோடு வீதியோரம் நின்றால், யாராவது சற்றுத் தள்ளி நின்று "டார்ஃப் இஹ் ஹெல்ஃபன்?" என்று கேட்பார்கள். உதவலாமா என்று அர்த்தம். நான் சரி என்று சொல்லும் வரை அவர்கள் கை நீளாது. வந்த புதிதில், கேட்டுவிட்டு அப்படியே நிற்பவர்களை மனமில்லாமல் கேட்பவர்கள் என்றே நினைத்தேன். இலங்கையில், எங்கள் ஊரான மாத்தளையின் பஸ் நிலையத்தில் கேள்வியே கிடையாது. கண்டி பஸ்ஸுக்காக நான் சும்மா நின்றுகொண்டிருப்பேன். பின்னாலிருந்து ஒரு கை வந்து முழங்கையைப் பற்றும். "வா புள்ள, நான் கொண்டு போய் விடுறேன்" என்று, நான் போக நினைக்காத எதிர்ப்பக்கத்துக்கு இழுத்துப்போய் விட்டுவிடும். திரும்பி வர இன்னொரு கை வரவேண்டும். அப்போது எனக்கு அழுகையாக வரும். இப்போது அந்தக் கைகளை நினைத்தால் சிரிப்பு வருகிறது, கொஞ்சம் ஏக்கமும் வருகிறது.

இங்கே கேட்காமல் என்னைப் பிடிக்கும் ஒரே இடம் ஜூடோ மெத்தை. பார்வையுள்ளவர்கள் ஜூடோவில் எதிராளியின் சட்டையைப் பிடிப்பதற்கே முட்டிமோதுவார்கள். எங்கள் முறை வேறு. நடுவர் இருவரையும் நடுவில் கொண்டுவந்து நிறுத்துவார். ஒரு கை எதிராளியின் கழுத்துப்பட்டியில், மறு கை அவளுடைய சட்டைக் கையில். இருவரும் பிடித்த பிறகுதான் "ஹஜிமே" என்று தொடங்கச் சொல்வார். பிடித்தவுடனே அவளுடைய மூச்சு, பதற்றம், எந்தக் காலில் பாரத்தை வைத்திருக்கிறாள் என்பதெல்லாம் கைக்குத் தெரிந்துவிடும். சில பேரை முகத்தைவிட அவர்களுடைய பிடியால்தான் எனக்கு அதிகம் தெரியும்.

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. அப்பா மாத்தளைச் சந்தையில் மூட்டை தூக்குகிறார். கண் நன்றாகத் தெரிந்த அண்ணன்மார் எழுத்துக் கூட்டிப் படிக்கும் முன்பே கடை வேலைக்குப் போனார்கள். பார்வை சுருங்கிக்கொண்டே வந்த என்னை எந்தக் கடையும் எடுக்காது என்பதால், விடுதியுள்ள பார்வையற்றோர் பாடசாலையில் சேர்த்தார்கள். உயர்தரப் பரீட்சை முடித்து, பிசியோதெரபி படிக்க இங்கே வந்தேன். படிப்போடு ஜூடோவும் வந்தது.

லேனாவும் நானும் ஒரே கழகம், ஒரே எடைப்பிரிவு. பயிற்சியில் நான்தான் அவளை அதிகம் விழுத்துவேன். ஆனால் எங்கள் நகரத்தில் பார்வைக் குறைபாடுடையோருக்கான சர்வதேசப் போட்டி நடக்கப்போகிறது என்றதும், ஜேர்மனி அணிக்கு அவள் போனாள். என் கடவுச்சீட்டு இலங்கையுடையது. சரி, இலங்கைக்காக ஆடலாமா என்று எழுதிக் கேட்டேன். தெரிவுப் போட்டிக்குக் கொழும்புக்கு வரச் சொன்னார்கள். அந்த வாரம் எனக்கு இறுதிப் பரீட்சை. பரீட்சை எழுதினேன். நல்ல புள்ளிகள் கிடைத்தன. இரண்டு அணிகளிலும் இடம் கிடைக்கவில்லை.

அப்பா தொலைபேசியில் சந்தோஷமாகச் சொன்னார்: "ஒன்ன மாதிரியே கண்ணு தெரியாத புள்ள ஒன்னு, ஜூடோ அடிக்க ஜேர்மனிக்கு வருதாம்மா. பேரு நிரோஷா. முத்துமாரியம்மன் கோயில் ரோட்டு பூரா அது போட்டோதான். நம்ம ஊரு புள்ள!"

"நானும் ஜூடோ தானேப்பா செய்றேன்."

"நீ படிச்ச புள்ள. ஒனக்கு எதுக்கும்மா இந்த மல்லுக்கட்டுறதெல்லாம்?"

அவர் என்னைப் பெருமைப்படுத்தத்தான் அப்படிச் சொன்னார். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

போட்டி நாளன்று, பயிற்சிக்குச் சோடி இல்லாமல் வரும் வீராங்கனைகளோடு உடம்பைச் சூடாக்கும் பயிற்சி செய்ய எங்கள் கழகத்திலிருந்து சிலரை அழைத்திருந்தார்கள். தமிழ் தெரியும் என்பதால் என்னை நிரோஷாவிடம் அனுப்பினார்கள். அவளுடைய முதல் ஆட்டம் லேனாவோடு என்பது எனக்குத் தெரியும். அனுப்பியவருக்கு அது நினைவில் இருக்கவில்லை. நானும் சொல்லவில்லை.

"அக்கா தமிழா? அப்பாடா! வந்ததுல இருந்து யெஸ், நோ, தேங்க்யூதான். வாயே கசந்து போச்சு. எந்த ஊரு?"

"மாத்தளை."

"பொய் சொல்லாதீங்க! மாத்தளையில எங்க?"

"சந்தைக்குப் பின்னால."

"ஐயோ, நாங்க அங்கேருந்து கொஞ்சம் தள்ளி நாலந்தா பக்கம். அக்கா, நான் ஒரு ஆட்டமாவது ஜெயிக்கணும். இல்லாட்டி அடுத்த முறை வேற ஆள அனுப்புவாங்களாம். எங்க கோச் சேர் சொல்லிட்டாரு."

அவளைப் பிடித்தபோது என் விரல்கள் முதுகில் தைத்திருந்த துணியில் பட்டன. தடித்த எழுத்துகள். எஸ், ஆர், ஐ; இலங்கையின் குறி. தடவியே வாசித்தேன். என் அங்கியின் முதுகில் ஒன்றுமில்லை. அவளை உடனே கீழே போடவேண்டும் போல இருந்தது. போட்டேன்.

எந்த வீச்சால் போடுவது என்று நான் யோசிக்கவில்லை. கைக்கு வந்தது லேனாவின் வீச்சு. சட்டைக் கையை மெல்லக் கீழே ஒருமுறை இழுப்பாள், அனுமதி கேட்பதுபோல. அடுத்த நொடி மடிந்து உள்ளே புகுந்து, முதுகில் ஏற்றிக் கவிழ்ப்பாள். என்னை அவள் விழுத்தும் ஒரே வழி அதுதான். நிரோஷா பொத்தென்று விழுந்தாள். எழுந்தாள். மறுபடியும் போட்டேன். மூன்றாவது தரம் நான் சட்டைக் கையை இழுத்தவுடனேயே அவள் இடுப்பைத் தாழ்த்திப் பின்னுக்கு உட்கார்ந்தாள். நான் அசையமுடியாமல் நின்றேன்.

"புடிச்சிட்டேன் பாத்தீங்களா! இன்னொருக்கா போடுங்க அக்கா."

லேனாவை எப்படித் தடுப்பது என்று அவளுக்குப் பழக்கிக்கொண்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வேறு வீச்சுக்கு மாறியிருக்கலாம். தண்ணீர் குடிக்கப் போயிருக்கலாம். ஊர்ப் பாசம் என்று நீங்கள் நினைப்பீர்கள். அப்படி எழுதினால் எனக்கும் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்த நேரம் நான் நினைத்தது லேனாவின் முதுகிலிருந்த ஜேர்மனி எழுத்துகளை. இன்னொருக்கா போட்டேன். இந்த முறை அவள் என்னைப் பின்னால் சாய்த்தே விட்டாள்.

ஆட்டத்தில் லேனாவுக்கு வெள்ளை அங்கி, நிரோஷாவுக்கு நீலம். மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரம் கால்கள் தேய்க்கும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு லேனாவின் பிடியிலிருந்த நிரோஷாவின் நீலச் சட்டைக் கை லேசாகக் கீழே இறங்கியது. லேனா புகுந்தாள். நிரோஷா உட்கார்ந்தாள். இருவரும் சேர்ந்து பின்னால் சாய்ந்தார்கள், மெத்தை அதிர்ந்தது, நடுவர் "இப்போன்" என்றார். முழுப்புள்ளி, ஆட்டம் முடிந்தது. கீழே கிடந்தது வெள்ளை.

வெளியே வரும் வழியில் இருவரும் என்னிடம் வந்தார்கள். லேனா என் வலது கையைப் பிடித்தாள், நிரோஷா இடது கையை.

"அக்கா! நீங்க போட்டீங்களே, அச்சு அசல் அதே மாதிரி! கைய இழுத்தவுடனே எனக்கு வெளங்கிருச்சு!"

"என்ன சொல்கிறாள்?" என்று லேனா ஜேர்மன் மொழியில் கேட்டாள்.

நன்றி சொல்கிறாள், வாழ்த்துச் சொல்கிறாள், எதையாவது சொல்லியிருக்கலாம். லேனாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அந்த மண்டபத்தில் எனக்குச் சொந்தமாக இருந்தது அந்த வீழ்ச்சி ஒன்றுதான். அதையும் இன்னொருத்தியின் பெயரில் விட்டுவிட எனக்கு மனமில்லை.

"உன் வீச்சை நான்தான் அவளுக்குப் பழக்கினேன் என்கிறாள்" என்றேன். "உண்மைதான்."

லேனாவின் விரல்கள் என் சட்டைக் கையில் அப்படியே நின்றன.

"உனக்குச் சந்தோஷமா?"

"யா" என்றேன், ஆமாம் என்று.

"என்னக்கா கேக்குறாங்க?" என்றாள் நிரோஷா.

இதை மட்டும் என்னால் மொழிபெயர்க்க முடியவில்லை. "நல்லா விளையாடினியாம்" என்றேன்.

"தேங்க்யூ!" என்று அவள் லேனாவைப் பார்த்துக் கத்தினாள்.

ஒலிபெருக்கியில் இலங்கையின் பெயர் வந்தது. நிரோஷாவின் பயிற்றுநர் அவளை அடுத்த ஆட்டத்துக்குக் கூட்டிப்போனார். "பாத்துக்கிட்டு இருங்க அக்கா!" என்று போகிறபோதே சொன்னாள். லேனா என் கையை விட்டாள். அவளுடைய பயிற்றுநரும் வந்தார். நீலம் இடப்பக்கம் போனது, வெள்ளை வலப்பக்கம் போனது. எனக்கு மிச்சமிருக்கும் பார்வை ஒரு குழாய்க்குள் பார்ப்பது போன்றது. ஒருத்தியைப் பிடித்தால் மற்றவள் இருட்டுக்குள் போய்விடுகிறாள். இருவரும் தொலையும் வரை தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டே நின்றேன்.